நொய்யரிசியும் அகத்திப்பூவும்: வியட்நாம் சந்தைகளில் ஒரு டிபன் கடைக்காரன்

திருச்சியில் 22 வருஷமாகக் காலை டிபன் கடை நடத்துகிறேன். 2024 தீபாவளி முடிந்து, ஐப்பசி மழையில் வியாபாரம் மந்தமாக இருந்த நேரத்தில், "ஊரைச் சுத்திப் பாத்துட்டு வாங்கப்பா" என்று மகன் டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டான். திருச்சியிலிருந்தே சைகோனுக்கு, அதாவது ஹோ சி மின் நகரத்துக்கு, நேரடி விமானம். போனது நானும் மனைவியும். நான் ஓடுவது, பறப்பது, நீந்துவது எல்லாம் சாப்பிடுவேன். அவளோ முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடமாட்டாள். இப்படிப்பட்ட இரண்டு பேர் பத்து நாள் வியட்நாமில் என்ன சாப்பிட்டோம், எங்கே ஏமாந்தோம் என்பதைத்தான் எழுதப்போகிறேன். கோயில், குகை, படகு வீடெல்லாம் மற்றவர்கள் எழுதட்டும்.

முதல் நாளே தப்பு செய்தோம். ராத்திரி விமானம், தூக்கமில்லை. அறையில் பையைப் போட்டுவிட்டுக் காலை பத்து மணிக்குமேல் ஒரு பெரிய சந்தையின் சாப்பாட்டு வரிசைக்குப் போனோம். ஒருவர் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அட்டையில் நாற்பது பண்டம், ஒவ்வொன்றுக்கும் வண்ணப்படம். ஃபா என்கிற நூடுல்ஸ் சூப் கேட்டேன், ஆறிப்போய் வந்தது. பான் செயோ என்கிற அரிசிமாவு தோசை கேட்டேன், நனைந்த அப்பளம் மாதிரி தொய்ந்து வந்தது. மனைவி வெறும் சோறும் வாழைப்பழமும் சாப்பிட்டாள். பில், பிறகு தெருவில் நான் கொடுத்ததைப்போல இரண்டு மடங்குக்குமேல். வெளியே வந்தபிறகுதான் உறைத்தது: அட்டையில் நாற்பது பண்டம், அடுப்போ இரண்டு. கடைக்காரனான என் கண்ணிலேயே அது படவில்லை!

மறுநாள் பழக்கதோஷத்தில் நம்மூர் நாலரைக்கு முழிப்பு வந்துவிட்டது. அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னே, அதாவது ஆறு மணி. தங்கியிருந்த சந்துக்குப் பின்பக்கம் புகை வாசனை. ஓர் அம்மா கரியடுப்பில் பன்றி விலாத் துண்டுகளை வாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெரிய அலுமினியப் பானை, பிளாஸ்டிக் முக்காலி ஏழெட்டு. அவ்வளவுதான் கடை. பானையைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். சோறு இல்லை, நொய்!

நம் வீட்டில் நொய் என்றால் காய்ச்சல்காரருக்குக் கஞ்சி, இல்லையென்றால் கோழிக்குத் தீனி. அங்கே அதன் பெயர் கம் தாம். ஆலையில் உடைந்து ஒதுங்கிய அரிசியை ஏழைகள் பொங்கித் தின்றது இன்று சைகோனின் அடையாளமாகவே ஆகிவிட்டது. நொய் குழையாமல் உதிரியாக வெந்திருக்கும். மேலே வெங்காயத்தாளைச் சூடான கொழுப்பில் வதக்கி ஒரு கரண்டி ஊற்றுவார்கள். வாட்டிய இறைச்சி, ஆவியில் வேகவைத்த முட்டைக் கொத்துக்கறித் துண்டு, வெள்ளரி, கொஞ்சம் ஊறுகாய்க் காரட், ஒரு கிண்ணத்தில் இனிப்பும் புளிப்புமாகக் கலந்த மீன் சாறு. குச்சி தேவையில்லை, ஸ்பூனும் முள்கரண்டியும் தருவார்கள். உடைந்த அரிசி குழம்பை எப்படி இழுக்கும் என்று ரவைப் பொங்கல் போடுகிறவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று நான் இரண்டு தட்டு.

ஒன்பது மணிக்குள் அவர் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். மத்தியானம் அதே இடத்தில் வேறொரு பெண் கரும்புச்சாறு போட்டார். சாயங்காலம் மூன்றாவது ஆள், வேறு அடுப்பு, வேறு பண்டம். ஒரே நடைபாதையில் மூன்று ஷிப்ட். வியட்நாமில் நன்றாகச் சாப்பிடுவதற்கான வழி எனக்கு அங்கே நின்றபோதுதான் புரிந்தது. ஒரு கடைக்கு ஒரு பண்டம், ஒரு பண்டத்துக்கு ஒரு நேரம். அட்டையைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்துவிட்டு உட்கார வேண்டும். அதற்குப் பிறகு நான் ஏமாறவில்லை. சரி, ஒரு தடவை ஏமாந்தேன், அதை அப்புறம் சொல்கிறேன்.

காலையில் ஃபா, நொய்ச்சோறு, ஒட்டரிசிப் பொங்கல் மாதிரியான சோய், தெற்கே ஹூ தியூ நூடுல்ஸ். மதியம் சோற்றுக்கடைகள், கண்ணாடிப் பெட்டியில் பத்துப் பதினைந்து தொடுகறி வைத்திருப்பார்கள், விரலை நீட்டினால் தட்டில் வரும். மாலை மூன்றுக்குமேல் பலகார நேரம், இரவில் நத்தைக்கடை, பாயசக்கடை. காலை ஆறுக்குச் சுடச்சுடக் கிடைப்பதைப் பதினோரு மணிக்குத் தேடினால், பயணிகளுக்கென்றே திறந்துவைத்த கடைதான் மிஞ்சும்.

கூப்பிடும் விதத்திலும் ஒரு பாடம் கற்றேன். வீடியோ பார்த்து 'எம் ஓய்' என்று படித்துவைத்திருந்தேன். நொய்ச்சோற்று அம்மாவை அப்படிக் கூப்பிட்டதும் பக்கத்து முக்காலிகளில் ஒரே சிரிப்பு. 'எம்' என்றால் தம்பி, தங்கை. அறுபது வயதுக்காரரை "ஏ பாப்பா" என்று கூப்பிட்டிருக்கிறேன். நம்மைப் போலவே அங்கேயும் முறைவைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். நம்மைவிடக் கொஞ்சம் மூத்த பெண்ணுக்கு 'சி', அக்கா. அத்தை, சித்தி வயதென்றால் 'கோ'. பாட்டிக்கு 'பா'. பின்னால் ஓர் 'ஓய்' சேர்த்துக்கொள்ள வேண்டும். மறுநாள் 'கோ ஓய்' என்றேன், தட்டில் ஒரு துண்டு கூடுதலாக விழுந்தது. வாய்க்கு மரியாதை எந்த ஊரிலும் உண்டு.

பணத்தில்தான் அந்த இன்னொரு ஏமாற்றம், அதுவும் என் கண்ணே என்னை ஏமாற்றியது. ஆயிரம் டாங் அப்போது நம் காசில் சுமார் மூன்றரை ரூபாய்க்குள். பேசும்போது ஆயிரத்தை விழுங்கிவிடுவார்கள், 'நாற்பது' என்றால் நாற்பதாயிரம். அது பழகிவிடும். பழகாதது 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும். இரண்டும் நீலம், இரண்டும் பிளாஸ்டிக். இருட்டில் இளநீருக்கு இருபதாயிரம் என்று நினைத்து ஐந்து லட்சத்தை நீட்டிவிட்டு நடையைக் கட்டினேன். அறைக்கு வந்து எண்ணியபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து பெரிய தாள்களை மனைவியின் சுருக்குப்பையில் தனியாக வைத்தோம். நீங்களும் முதல் நாளே பிரித்து வைத்துவிடுங்கள்.

இனி சைவக்காரர்களுக்கு. "கறி வேண்டாம், மீன் வேண்டாம்" என்று சைகை செய்தால் போதும் என்று நினைத்தோம். இரண்டாம் நாள் மதியம் பச்சைப்பசேல் என்று ஒரு கீரை வதக்கல் வந்தது. நம் குளங்களில் கிடக்கும் வள்ளைக்கீரையேதான், பூண்டு தட்டிப் போட்டிருந்தார்கள். இரண்டு வாய் சாப்பிட்டபின் அவள் முகம் மாறியது. "ஏங்க, கருவாட்டு வாசம் அடிக்குதே?" அடிக்காமல் என்ன செய்யும், நுக் மாம் ஊற்றியிருந்தார்கள். நெத்திலியையும் உப்பையும் தொட்டியில் அடுக்கி, ஒரு வருஷம்போலப் புளிக்கவிட்டு வடித்த சாறு அது. ஃபூ குவோக் தீவும் ஃபான் தியெட்டும் இதற்குப் பெயர்போனவை. சமைத்த பெண்மேல் குற்றமே இல்லை. மீன் துண்டு போடவில்லை, அவ்வளவுதானே கேட்டோம்? நமக்குப் பெருங்காயம் எப்படியோ அவர்களுக்கு நுக் மாம் அப்படி. அதை யாரும் மீன் என்று கணக்கில் எடுப்பதில்லை.

சொல்லவேண்டிய சொல் 'சாய்'. நம் டீ இல்லை, சைவம் என்று அர்த்தம். 'அன் சாய்' என்றால் சைவம் சாப்பிடுகிறவர். ஆனால் வாயால் சொல்லி நம்பியிருக்காதீர்கள். ஓசை கொஞ்சம் ஏறினால் 'கருகியது', கொஞ்சம் அழுத்தினால் 'ஓடு' என்று பொருள் மாறிவிடும். ஓட்டல் பையனிடம் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டோம்: சைவம், மீன் சாறு வேண்டாம், முட்டை வேண்டாம், சோயா சாறு போடலாம். பத்து நாளும் அந்தச் சீட்டுதான் எங்களைக் காப்பாற்றியது. மழையில் நனைந்து மடிப்பு கிழிந்தது, டேப் ஒட்டிப் பிழைக்கவைத்தோம்.

'கம் சாய்' என்று பலகை வைத்த கடைகள் எந்த ஊரிலும் இருக்கின்றன. பௌத்தச் சைவம் என்பதால் கண்டிப்பான இடங்களில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. "இது நம்ம விரதச் சமையல்ங்க" என்று அவள் நிம்மதியாக உட்கார்ந்தாள். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சோயாக்கட்டியிலும் கோதுமைப் பசையத்திலும் கோழிக்கால், இறால், மீன் என்று அச்சு அசலாகச் செய்துவைப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது அவள் எழுந்தே நின்றுவிட்டாள். இதில் எனக்கும் உடன்பாடில்லை. வேண்டாம் என்று விட்டதை எதற்கு வேஷம் கட்டிக் கொண்டுவர வேண்டும்? தயிரும் எதிர்பார்க்காதீர்கள். கிடைப்பது பெரும்பாலும் இனிப்புத் தயிர். அவள் ஊறுகாய்ப் பாட்டிலும் மோர்மிளகாயும் கொண்டுவந்ததை நான் கிண்டல் செய்தேன். ஐந்தாம் நாள் நானே கேட்டு வாங்கித் தின்றேன்.

சைகோனில் பென் தான் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே போன தமிழர்கள் கட்டியது. நாங்கள் போனபோது கும்பிட்டவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்தான். நம்மவர்கள் விட்டுவந்த இன்னொன்று 'கா ரி'. தேங்காய்ப்பால், எலுமிச்சைப்புல், சர்க்கரைவள்ளிக்கிழங்கு போட்ட கோழிக்குழம்பு. அதை பிரெஞ்சு ரொட்டியில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். காரம் பத்தாது. ஆனால் மஞ்சளும் மசாலாவும் மூக்கில் ஏறும்போது ஊர் ஞாபகம் வரத்தான் செய்தது.

அன்று மாலைதான் என் தொழில் கண் முழுதாக விழித்தது. ஒரு சந்தை வாசலில் குழிப்பணியாரக் கல் அடுப்பில் இருந்தது. சத்தியமாக நம் கல்தான், குழிகள் மட்டும் ஆழம் குறைவு. பெயர் பான் கொட். வூங் தாவ் கடற்கரைப் பக்கம் பேர்போன பலகாரம். அரிசிமாவைத் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சேர்த்துக் கரைக்கிறார்கள். உளுந்து கிடையாது, புளிக்கவைப்பதும் கிடையாது. மாவு தண்ணியாக, நம் ரவா தோசைக் கரைசல்போல இருக்கும். குழியில் எண்ணெய் தாராளம். மாவு விழுந்ததும் ஓரம் பொரிகிறது, நடுவில் ஓர் இறால் வைத்து மூடிபோட்டுவிடுகிறார்கள். நான் கம்பி எங்கே என்று தேடினேன். கம்பியே இல்லை, ஏனென்றால் திருப்புவதே இல்லை! அடியும் ஓரமும் மொறுமொறு, மேலே பால்கட்டியாக நடுங்குகிறது. ஸ்பூனால் நெம்பி எடுத்து, கடுகுக்கீரையிலோ லெட்டூஸிலோ வைத்து, நாலு வாசனைத்தழை சேர்த்துச் சுருட்டி, சாறில் முக்கி வாயில் போட வேண்டும்.

அந்தத் தழைத்தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலங்காரம் என்று நினைத்து முதலில் ஒதுக்கிவைத்தேன், பணியாரம் ஊற்றிய அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தானே ஒரு இலையைக் கிழித்து, சுருட்டி என் கையில் திணித்தார். எண்ணெய்ப் பலகாரம் திகட்டாமல் இருப்பது அந்தத் தழையால்தான். துளசி வாசத்தில் ஒன்று, மல்லி வாசத்தில் நீளமாக ஒன்று, ஊதா நிறத்தில் ஒன்று. நம் பஜ்ஜிக்குச் சட்னி செய்கிற வேலையை அவர்களுக்கு இலை செய்கிறது. பான் செயோவும் இதே மாவுதான், கல்லில் ஊற்றும் சத்தத்தை வைத்தே பெயர். நாம் 'சொய்ங்' என்கிறோம், அவர்களுக்கு 'செயோ'. அன்று சாப்பிட்டது அட்டையில் படம் போட்டவன் தந்த தொய்வு இல்லை, உடைத்தால் சத்தம் கேட்டது. இறாலுக்குப் பதில் பாசிப்பருப்பும் காளானும் வைத்து மனைவிக்கும் ஆறு பணியாரம் ஊற்றிக் கொடுத்தார், சீட்டைக் காட்டியதன் பலன். தொட்டுக்கொள்ள அவளுக்குச் சோயா சாறு.

எலுமிச்சை, மிளகாய், பச்சைத்தழை, ராத்திரி பதினோரு மணிக்கு மாங்காயும் மிளகாய் உப்பும் என்று நான் ஆடியதற்கு மூன்றாம் நாள் வயிறு பதில் சொன்னது. உப்பு சர்க்கரைக் கரைசலும் கஞ்சியும்தான் மருந்து. கூட்டம் ஓடுகிற கடை, கண்ணெதிரே கொதிக்கிற சட்டி, இரண்டும் இருந்தால் பயமில்லை. பச்சைத்தழையை மட்டும் முதல் இரண்டு நாள் கொஞ்சமாகத் தொடங்குங்கள்.

அடுத்து மேகோங் ஆற்றுக் கழிமுகத்தில் கன் தோ நகரம். ஊரிலிருந்து சுமார் ஆறு கிலோமீட்டர் தள்ளி காய் ராங் மிதக்கும் சந்தை. ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் பார்க்க முடியும், எட்டுக்குமேல் பயணிகள் படகு மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு படகிலும் ஒரு நீள மூங்கில், அதில் அன்னாசியோ பூசணியோ கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். என்ன தொங்குகிறதோ அதுதான் சரக்கு. காயப்போட்ட துணி தொங்கினால் அது கணக்கில் இல்லை. ஓலை தொங்கினால் படகே விலைக்கு என்று அர்த்தமாம். இதைவிட நல்ல கடைப்பலகை நான் பார்த்ததில்லை. 2016-இல் இதைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்திருக்கிறார்கள். ஆனாலும் சாலையும் லாரியும் வந்தபிறகு படகுகள் குறைந்துகொண்டே போவது கண்ணுக்கே தெரிகிறது.

எனக்கு மிதக்கும் சந்தையைவிடக் கரையில் இருந்த சாதாரணக் காய்கறிச் சந்தைதான் பிடித்தது. மனைவி ஒரு கூடைமுன் நின்றுவிட்டாள். வெள்ளை வெளேரென்று அகத்திப்பூ! பக்கத்துக் கூடையில் மஞ்சள் நிறத்தில் சித்தகத்திப்பூ. ஊரில் அகத்தியை துவாதசிக்குச் சமைப்போம், அமாவாசைக்கு மாட்டுக்குக் கொடுப்போம். இங்கே இரண்டு பூவையும் புளிக்குழம்பில் போடுகிறார்கள். கான் சுவா என்று பெயர். புளி, தக்காளி, அன்னாசி, வெண்டைக்காய், சேம்பு வகையின் பஞ்சுபோன்ற தண்டு, ஆற்றுமீன். மீனை எடுத்துவிட்டு நினைத்துப் பாருங்கள், அன்னாசி ரசம். சைவக்கடையில் அவளுக்கு அதையே சோயாக்கட்டி போட்டுக் கொடுத்தார்கள். பூ கடைசியில்தான் விழுகிறது, வாடுவதற்குள் இறக்கிவிடுகிறார்கள், அதனால் லேசான கசப்பும் கடிபடுகிற பதமும் நிற்கிறது. நாங்கள் அகத்தியை வேகவைத்து வேகவைத்துக் கசப்பை எடுப்போமே, அதற்குத் தேவையே இல்லை என்று அங்கே தெரிந்தது.

ஹுவே போய்ச் சேர்ந்தபோது அடைமழை. ஊரே பழைய ராஜதானி, சாப்பாட்டிலும் அந்த மிடுக்கு இருக்கிறது. பான் பெயோ என்று சின்னச் சின்ன பீங்கான் தட்டுகளில் அரிசிமாவை ஊற்றி அப்படியே ஆவியில் வைக்கிறார்கள். கட்டைவிரல் நீளமில்லாத இட்லி, மேலே பொடித்த காய்ந்த இறால். தட்டுகளை அடுக்கி எண்ணித்தான் காசு. நான் இருபது தட்டு கவிழ்த்தேன், வயிறு நிரம்பவில்லை, அது அரண்மனைக்காரர் பசிக்குச் செய்த பலகாரம்போலும். ஏழைகளின் பண்டம் கம் ஹென்: ஆறிய சோறு, மேலே ஹுவோங் ஆற்றுக் குட்டிமட்டி, வேர்க்கடலை, தழை, நிறைய மிளகாய். காலையில் பழையசோறு சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு அந்தக் கிண்ணத்தின் குளிர்ச்சியே போதும். காரத்தில் இந்த ஊர்க்காரர்கள் நம் ஆட்கள்.

இரண்டாம் நாள் டோங் பா சந்தைக்குப் போனால், முந்தின நாள் பன்றிக்கறி நூடுல்ஸ் போட்ட அக்கா கடையிலேயே 'சாய்' என்று அட்டை தொங்குகிறது. தெரு முழுக்க அப்படியே. நவம்பர் 15. அவர்களுக்கு மாதத்தின் பதினைந்தாம் நாள், நமக்கு ஐப்பசிப் பௌர்ணமி, ஊரில் அன்னாபிஷேகம். பிறை கணக்கில் 1, 15 தேதிகளில் அசைவம் தொடாதவர்கள் அங்கே நிறையப் பேர். அன்று மட்டும் அவள் சீட்டை வெளியே எடுக்கவில்லை. நான்தான் கறி தேடி அலைந்தேன், அவளுக்கு அதில் பரம திருப்தி. டிக்கெட் போடும்போது நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமியைப் பார்த்து ஹுவேயை அங்கே வைத்துக்கொண்டால் சைவக்காரர்களுக்கு அதைவிடச் சௌகரியம் வேறில்லை.

ஹனோயில் ஃபா சாப்பிட்டேன், எலும்புச்சாறில் அன்னாசிப்பூவும் பட்டையும் மணந்தன. தெற்கே முளைகட்டிய பயறும் தழையும் குவிப்பார்கள், இங்கே அதெல்லாம் கிடையாது, சாறை நம்பிக் குடி என்பதுபோல. இறால் விழுதில் தோய்க்கிற சோயாக்கட்டியையும் ஒரு தடவை முயன்றேன். அந்த வாசனைக்கு நான் இன்னும் தயாராகவில்லை. சோய் சேயோ என்கிற மஞ்சள் ஒட்டரிசிப் பொங்கலைப் பார்த்து மனைவி ஆசைப்பட்டாள், மேலே பாசிப்பருப்பைத் துருவல் மாதிரி சீவிப் போட்டிருந்தார்கள். நல்லவேளை, சீட்டைக் காட்டினாள், கடைக்காரம்மா கையிலெடுத்த கரண்டியைத் திரும்ப வைத்துவிட்டார். அதில் கோழிக்கொழுப்பு இருந்தது.

வரும்போது ஒரு பான் கொட் கல் வாங்கி வந்தேன். பெட்டியில் பாதி எடை அதுதான். தை மாதம் ஒருநாள் தேங்காய்ப்பால், மஞ்சள், அரிசிமாவு கரைத்து, மேலே துருவிய காரட்டும் வெங்காயமும் வைத்து, மூடிபோட்டு, திருப்பாமல் எடுத்து நாலு பேருக்குக் கொடுத்தேன். தினமும் வருகிற ரிட்டையர்டு வாத்தியார் ஒன்றைப் பிட்டுப் பார்த்தார், மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்ப்பா, அவசரத்துல ஒரு பக்கம் திருப்ப மறந்துட்டியா?"

பலகையில் இன்னும் அதை எழுதவில்லை. ஆனால் சனிக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஏழுவரை, வேறெதுவும் போடாமல், அதை மட்டும் ஊற்றுகிறேன்.